ஃபியூஸ் மாமாவும் மாப்பிள்ளை ரூமும்

திருவனந்தபுரத்தில் தீயைக் கண்டு பயப்படாதவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். தீ ஒருவரைக் கண்டு பயந்தது என்றால் அது எங்கள் கரமனைத் தெரு ஃபியூஸ் மாமாவைக் கண்டுதான். அவர் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தால், கொதிக்கிற சாம்பார்கூடக் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு மரியாதையாகக் கொதிக்கும்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மின்சார ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தப் பிரச்சினை என்றாலும் முதலில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, அப்புறம்தான் என்ன பிரச்சினை என்று கேட்பார். மிக்ஸி கொஞ்சம் வேறு மாதிரி இரைந்தால் ஃபியூஸ் போகும். மின்விசிறி தலையை ஆட்டினால் ஃபியூஸ் போகும். மாமி குரலை உயர்த்தினால்கூட மாமாவின் கை சுவரைத் தடவி ஃபியூஸைத் தேடும் என்று தெருவில் சொல்வார்கள்.

நான் நாகர்கோவில்காரி. காப்பீட்டுக் கம்பெனி ஒன்றின் திருவனந்தபுரம் கிளையில், தீ விபத்துப் பிரிவில் வேலை. தீ அணைந்து, புகை அடங்கி, எல்லாரும் அழுது முடித்த பிறகு ஆரம்பிக்கிற வேலை அது. மாமா வீட்டு மாடியில் வாடகைக்குக் குடிவந்த மறுநாள், ஆபீஸுக்குக் கிளம்பிக் கீழே இறங்கினேன். வாசலில் மாமா நின்றிருந்தார். வீடு பிடித்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று ஏதாவது கேட்பார் என்று முகத்தில் புன்னகையைத் தயார் செய்துகொண்டேன்.

"கேஸ் அடைச்சாச்சோ?" என்றார்.

அடைத்துவிட்டேன் என்றேன்.

"அடுப்பிலயா, சிலிண்டர்லயா?"

அடுப்பில் என்றேன். அவர் மாடிப்படியை மட்டும் பார்த்தார். நான் திரும்பி ஏறிப் போய் சிலிண்டரிலும் அடைத்துவிட்டு வருவதற்குள் பஸ் போய்விட்டது.

இந்தக் கேள்விக்குத் தெருவில் யாரும் தப்பியதில்லை. கோயிலுக்குப் போகிறவர், கல்யாணத்துக்குப் போகிறவர், சாலைக் கடைவீதிக்குப் பருப்பு வாங்கப் போகிறவர் எல்லாரும் பதில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு பெண்ணின் ஆட்டோவை மறித்துக் கேட்டார் என்றும், அவள் வலியோடு வலியாக "அடைச்சாச்சு மாமா" என்று சொன்ன பிறகே ஆட்டோ நகர்ந்தது என்றும் ஒரு கதை உண்டு. பிள்ளைகள் அவரைக் கண்டதுமே "கேஸ் அடைச்சாச்சோ" என்று கேலியாகக் கத்திவிட்டு ஓடுவார்கள். மாமா அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டதே இல்லை. நின்று, திரும்பி, "அடைச்சாச்சு" என்று கௌரவமாகப் பதில் சொல்வார்.

பதில் சொல்லாமல் போகிற ஒரே ஆள் எங்கள் தெரு சங்கத்தின் செக்ரட்டரி. கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஒரு சாயங்காலம் அவர் டிவியில் விவாதம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கமாகப் போன மாமாவுக்கு ஒயர் கருகுகிற வாசனை வந்திருக்கிறது. நேரே உள்ளே போய் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார். கருகியது ஊதுபத்தி. அன்றிலிருந்து செக்ரட்டரி மாமாவைத் தாண்டும்போது எதிர்ப்பக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டே போவார்.

இப்படிப்பட்ட மனிதரின் வீட்டுக்குத்தான் ஒரு கிரில் அடுப்பு வந்து இறங்கியது. மஸ்கட்டில் இருக்கிற மாப்பிள்ளை விடுமுறைக்கு வந்த இடத்தில் ஆசைப்பட்டு வாங்கியது. கேஸில் எரிகிற மூன்று பர்னர், மேலே கம்பித் தட்டு, அதற்கு மேல் பெரிய மூடி, கீழே சக்கரம். பெட்டியின் மேல் வாட்டிய மாமிசத் துண்டு ஒன்றின் படம் தகதகவென்று இருந்தது. அக்ரஹாரத் தெருவில் அந்தப் படம் என்ன பாடு படுத்தியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாமி பழைய காலண்டரிலிருந்து ஒரு பிள்ளையாரை வெட்டி அதன் மேல் ஒட்டினார். அந்த நிமிஷத்திலிருந்து அடுப்பு சைவமாகிவிட்டது.

முதல் நாள் மாப்பிள்ளைதான் சமைத்தார். மசாலாவும் தேங்காயெண்ணெயும் சொட்டச் சொட்ட பனீர்த் துண்டுகளைக் கம்பித் தட்டில் அடுக்கினார். எண்ணெய் கம்பி வழியாக இறங்கி பர்னர் மேல் விழுந்தது. சொய்ங் என்று ஒரு சத்தம். என்ன சத்தம் என்று மாமா குனிந்து பார்த்தார். குப்பென்று எழுந்த தீ, அவருடைய இடது புருவத்தை வாங்கிக்கொண்டு இறங்கியது.

மறுநாள் மாமி கண்மையால் ஒரு புருவம் வரைந்துவிட்டார். அவசரத்தில் அது நெற்றிப் பக்கமாகக் கொஞ்சம் ஏறிவிட்டது. அசல் புருவம் முளைக்கும்வரை, யார் என்ன சொன்னாலும் நம்பாதவர் மாதிரியே மாமாவின் முகம் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துப் பழக்கடைக்காரர் தானாகவே விலையைக் குறைத்தாராம்.

வேறு யாராவது என்றால் அடுப்பைத் தூக்கிப் பரண்மேல் போட்டிருப்பார்கள். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வேலையில் இருந்த காலம் முழுக்க மின்சாரத்தையே கட்டி மேய்த்தவனை ஒரு சொட்டு எண்ணெய் ஏமாற்றிவிட்டதே என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை விமானம் ஏறியதும் அடுப்பு மாமாவின் கைக்கு வந்தது.

தீயை அவர் 'அவன்' என்றுதான் சொல்வார். "அவனுக்கு எப்பவும் பசியாக்கும். மேலேருந்து எண்ணெய் சொட்டினா, எலை போட்டாச்சுன்னு நெனச்சுண்டு எழுந்து வருவான். நாமதான் கூப்பிடப்படாது" என்பார். கூப்பிடாமல் இருப்பதற்கு அவர் செய்த ஏற்பாடுகள் ஒரு கோயில் கொடியேற்றத்துக்குக் குறைந்தவை அல்ல. அடுப்பைச் சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் தள்ளி, பின்பக்கம் ஆற்றைப் பார்த்த வெட்டவெளியில் நிறுத்தினார். எவ்வளவு தள்ளி என்று கேட்டால், தன் எட்டுமுழ வேஷ்டியைக் காற்றில் விரித்துக் காட்டுவார். பற்றவைப்பதற்கு முன்னால் கேஸ் குழாய் நெடுகிலும் சோப்புத் தண்ணீர் தடவி, எங்கேயாவது குமிழி வருகிறதா என்று கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பார், போட்டுப் பார்ப்பார். தெருவில் இதற்கு அபிஷேகம் என்று பெயர். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பற்றவைப்பார். மூடியபடி பற்றவைத்தால் உள்ளே கேஸ் நிறைந்து ஒரே வெடியாக வெடிக்குமாம்.

தன் காபி டம்ளரைக்கூடக் கழுவாத மனிதர், அடியில் எண்ணெய் வடிகிற தட்டை மட்டும் ஒவ்வொரு முறையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைப்பார். பழைய எண்ணெய் அடியில் தேங்கினால் அது அவனுக்குப் பழையசோறு என்பார். மாமி சேனைக்கிழங்குக்கு மசாலாவும் எண்ணெயும் போட்டுப் பிசறிக் கொடுத்தால், ஒவ்வொரு துண்டாக எடுத்து வாழையிலைத் துண்டில் ஒற்றி எண்ணெயை வடித்த பிறகே தட்டில் வைப்பார். அதற்கு மாமி, தான் பிறந்த ஜாதகமே சரியில்லை என்று ஆரம்பிப்பார். ருசி போகிறதே என்று நான் ஒருமுறை மாமிக்குப் பரிந்து பேசினேன். நெய்யோ எண்ணெயோ, வாட்டி எடுத்து இலையில் வைத்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் விட்டுக்கொள், தீக்கு மேலே மட்டும் விடாதே என்றார் மாமா.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஏற்பாடு மாப்பிள்ளை ரூம். மூன்று பர்னரில் இரண்டைத்தான் பற்றவைப்பார். மூன்றாவதற்கு மேலே இருக்கிற தட்டு எப்போதும் காலியாக, சூடில்லாமல் கிடக்கும். இடம் வீணாகக் கிடக்கிறதே என்று யாராவது ஒரு கத்திரிக்காயை அங்கே வைக்கப் போனால் கையைத் தட்டிவிடுவார். வருஷத்தில் என்றைக்கோ வருகிற மாப்பிள்ளைக்காக அவர்கள் வீட்டில் ஓர் அறை பூட்டியே கிடக்கும் அல்லவா, அதே மாதிரி. திடீரென்று தீ எழுந்தால், வேகிற பண்டத்தையெல்லாம் நீளக் கிடுக்கியால் அந்தப் பக்கம் தள்ளிவிடுவார். சொட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் அவன் தானாக அடங்கிவிடுவான். கிடுக்கி போகாத அளவுக்குப் பெரிதாக எழுந்தால் அதற்கு வேறு வழி. பண்டத்தை மறந்துவிட்டு கேஸை அடைக்க வேண்டும், பழைய ஊறுகாய் ஜாடியில் வைத்திருக்கிற ஆப்பசோடாவைத் தூவ வேண்டும், மூடியைச் சாத்திவிட்டு விலகி நிற்க வேண்டும். தண்ணீர் மட்டும் ஆகாது. எரிகிற எண்ணெயில் தண்ணீர் பட்டால் அவன் நாலாப் பக்கமும் பறப்பான் என்று கேட்டவரிடமும் சொல்வார், கேட்காதவரிடமும் சொல்வார்.

அடுப்பு எரிகிறவரை அவர் அங்கே இங்கே நகர மாட்டார். ஒருநாள் மாப்பிள்ளை வீடியோ காலில் வந்தபோது மாமி போனைக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினார். மாமா தீயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மஸ்கட்டில் மாப்பிள்ளை அரைமணி நேரம் மாமனாரின் வலது காதோடு பேசிவிட்டு வைத்தார்.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த தெரு, மெல்ல மெல்லப் பின்பக்கம் வர ஆரம்பித்தது. கொத்சுக்குச் சுட்டுத் தாருங்கள் என்று கத்திரிக்காயோடு ஒருவர். நேந்திரம் பழத்தோடு இன்னொருவர். சோளக்கதிர், அப்பளம், பச்சைமிளகாய்கூட வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆற்றுக் காற்றில் பத்துப் பேராவது நிற்பார்கள். ஓய்வு பெற்றதிலிருந்து மின்சாரம் போனால்கூட மாமாவை யாரும் கூப்பிட்டதில்லை. இப்போது அவருக்காக ஒரு கூட்டம் காத்து நின்றது. அந்தச் சாயங்காலங்களில் அவர் நிமிர்ந்து நிற்கிற நிலையைப் பார்த்தாலே எனக்கு சந்தோஷமாக இருக்கும்.

செக்ரட்டரிக்கு அது பொறுக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் அவர் சொன்னதிலும் அர்த்தம் இருந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சுவர் ஒன்று. ஓட்டுக்குக் கீழே எல்லாம் பழைய மர உத்தரம். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்குக் கதவைத் தட்டாமலே போய்விடும். சங்கக் கூட்டத்தில் அந்த அடுப்பைத் தெருவை விட்டே அகற்ற வேண்டும் என்று அவர் எழுந்து பேசினார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். கத்திரிக்காய் கொண்டுவந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

மாமா எழுந்தார். "வர்ற சங்கமத்துக்கு ஆத்தங்கரையில வச்சு நானே எல்லாருக்கும் பழம் வாட்டித் தரேன். தலைக்கு மேல ஒரு தடவை தீ எழும்பட்டும். மறுநாள் கார்த்தால ஆக்ரிக்காரனை நானே விளிச்சு இதை எடுத்துக் குடுத்துடறேன், கேட்டேளா" என்றார். பழைய இரும்பு எடுக்கிறவருக்கு எங்கள் தெருவில் ஆக்ரிக்காரன் என்று பெயர். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த மாமி, வாய்க்கு ஒரு ஃபியூஸ் இருந்தால் முதலில் அதைப் பிடுங்கியிருக்கலாமே என்றார்.

சங்கமம் என்பது தெருக்காரர்கள் எல்லாரும் வருஷத்துக்கு ஒருமுறை ஆற்றங்கரைத் திடலில் கூடுகிற நாள். அன்று சாயங்காலம் அபிஷேகம் முடிந்தது. சிலிண்டர் குழாய் நீளத்துக்குத் தள்ளி நின்றது, அதன் பக்கத்தில் நான் நின்றேன். மூடி திறந்தது, இரண்டு பர்னர் எரிந்தது, மாப்பிள்ளை ரூம் காலி. நேந்திரம் பழங்கள் பிளந்து, வரிசையாக, பொன்னிறமாக வாடிக்கொண்டிருந்தன. இலையில் விட்டுக்கொள்வதற்கென்று மாமி கிண்ணம் நிறைய நெய்யும் ஒரு கரண்டியும் பக்கத்து மேஜையில் வைத்திருந்தார். செக்ரட்டரி ஒரு பக்கெட் தண்ணீரோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னெச்சரிக்கையாம்.

அந்த நேரம் பார்த்து வாத்தியார் வந்தார். தெருவுக்கே புரோகிதம் செய்கிறவர், பெரியவர். வேறு யாராக இருந்தாலும் மாமா தள்ளி நிற்கச் சொல்லியிருப்பார். வாத்தியாரிடம் எப்படிச் சொல்வது? அவர் அடுப்பை ரசித்துப் பார்த்தார். எதிரே தீ எரிந்தது. வலது கைக்கு எட்டுகிற தூரத்தில் நெய்யும் கரண்டியும் இருந்தன. ஆயுள் முழுக்க ஹோமம் செய்த கை அது. அந்தக் கை வாத்தியாரைக் கேட்டுக்கொண்டதாகவே எனக்குத் தோன்றவில்லை. உதடு ஏதோ முணுமுணுக்க, கரண்டி நிறைய நெய்யை எடுத்துத் தீயில் விட்டார். மாமா "ஐயோ" என்று திரும்புவதற்குள் இரண்டாவது கரண்டியும் போய்விட்டது.

தீ ஆள் உயரத்துக்கு மேல் எழுந்தது. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள். மாமா முதலில் வாத்தியாரைத் தோளோடு பிடித்துப் பின்னால் தள்ளினார். அதற்குள் செக்ரட்டரி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

அவரை மறித்தது மாமி. ஒன்பது கஜ மடிசாரை இழுத்துச் சொருகிக்கொண்டு நடுவில் போய் நின்று, பக்கெட்டின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "கீழ வைங்கோ. ஜலம் பட்டா அவன் நாலாப் பக்கமும் பறப்பான்" என்றார்.

அப்போதுதான் அது நடந்தது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. திடலில் நின்ற பெண்கள், ஆண்கள், கேலி செய்து ஓடுகிற பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே குரலாகக் கேட்டார்கள்.

"கேஸ் அடைச்சாச்சோ?"

என் கை ஏற்கெனவே சிலிண்டரில் இருந்தது. அது எப்போது போனது என்று எனக்கே தெரியாது. "அடைச்சாச்சு" என்று கத்தினேன். அடுப்பின் குமிழ்களை மாமா ஒதுங்கி நின்று ஒவ்வொன்றாகத் திருகினார். ஊறுகாய் ஜாடியைத் திறந்து ஆப்பசோடாவை வீசினார். கிடுக்கியின் முனையால் மூடியை இழுத்துச் சாத்திவிட்டுப் பின்னால் நகர்ந்தார். மூடியின் இடுக்கில் கொஞ்ச நேரம் சிவப்பாகத் தெரிந்தது. அப்புறம் புகை மட்டும் வந்தது. கடைசியில் அதுவும் நின்றது.

எல்லாரும் முதலில் மாமாவின் முகத்தைத்தான் பார்த்தார்கள். இரண்டு புருவமும் இருந்தன.

பழம் யாருக்கும் கிடைக்கவில்லை. சோடா பட்டதைத் தர மாட்டேன், அடுப்பு ஆறிச் சுத்தமாகும்வரை மறுபடி பற்றவைக்கவும் மாட்டேன் என்று மாமா சொல்லிவிட்டார். தெரு முழுக்க சங்கமத்துக்குப் போட்ட வடையைத் தின்றுவிட்டு, ஆளுக்கு ஆள் அவர் நின்ற நிலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனது.

மறுநாள் காலையில் வாசலில் ஆக்ரிக்காரனின் வண்டி நின்றது. மாமாதான் கூப்பிட்டிருந்தார். குளித்து, சலவை வேஷ்டி கட்டி, தேய்த்துப் பளபளக்கிற அடுப்பைப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர் மாதிரி தள்ளிக்கொண்டு வந்தார். தீ தலைக்கு மேல் எழுந்தது எழுந்ததுதான், சொன்ன சொல் சொன்ன சொல்தான் என்றார். நான் பேசிப் பார்த்தேன், பிரயோஜனம் இல்லை.

திரும்பிப் பார்த்தால் வாசலில் தெருவே நின்றது. வண்டிக்கு முன்னால், வழியை அடைத்துக்கொண்டு, செக்ரட்டரி. அவர் கையில் நேற்றைய பக்கெட். அதை ஆக்ரிக்காரனின் வண்டியில் வைத்து, இதை மட்டும் கொண்டுபோ என்றார். பிறகு மாமாவைப் பார்த்தார். எதிர்ப்பக்கக் கூரையைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எங்காத்துல கேஸ் அடைச்சுட்டுத்தான் வந்திருக்கேன்" என்றார்.

மாமா மேல்துண்டால் அடுப்பின் மூடியைத் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்த மூடி. அவர் கண் கலங்கியிருந்தது, என்னுடையதும்தான். அப்புறம் கேட்டார்.

"அடுப்பிலயா, சிலிண்டர்லயா?"

செக்ரட்டரி மறுபேச்சில்லாமல் திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தார். அடுப்பு பின்பக்கம் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

எனக்கு நாகர்கோவிலுக்கே மாற்றல் ஆகிவிட்டது. தீ அணைந்த பிறகு போகிற வேலையில்தான் இன்னும் இருக்கிறேன். தீயை அணைப்பவர் ஒருவரோடு ஒரே வீட்டில் இருந்தேன் என்று ஆபீஸில் பெருமையடிக்காத நாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமா போன் பண்ணுவார். சௌக்கியமா என்று கேட்கிற வழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. "குழந்தே, கேஸ் அடைச்சாச்சோ?" என்பார். மறந்துட்டேன் மாமா, இருங்கோ, போய் அடைச்சுட்டு வரேன் என்பேன். அது எப்போதோ அடைத்தாயிற்று. நான் திரும்பி வரும்வரை அவர் போனை வைக்காமல் எனக்காகக் காத்துக்கொண்டிருப்பார் அல்லவா, அதற்காகத்தான்.